வரலாற்றுத் துணுக்கு: நடந்தது எது, கட்டிவிட்டது எது?

மார்ச் 2

கேள்வி: "மூன்று துணுக்கு கொடுத்து, ஒன்று மட்டும் பொய், கண்டுபிடி என்றார்கள். ஒன்று: 1790இல் பிறந்த அமெரிக்க அதிபர் ஒருவரின் பேரன் 2025 வரை உயிரோடு இருந்தார். இரண்டு: பழைய ஸ்காண்டிநேவியாவின் வைக்கிங் வீரர்கள் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு போருக்குப் போனார்கள். மூன்று: 1932இல் ஆஸ்திரேலியா ஈமு கோழிகளை அடக்க ராணுவத்தை அனுப்பியது. நான் முதலாவதைப் பொய் என்று சொல்லித் தோற்றேன். எதையும் தேடிப் பார்க்காமலே பொய்யை மோப்பம் பிடிக்க வழி இருக்கிறதா?"

மார்ச் 2, இரவு

இரண்டாவதுதான் பொய்.

முதலாவதைக் கழித்தல் கணக்காகப் போட்டுப் பாருங்கள். அதிபர் ஜான் டைலர் பிறந்தது 1790. அவருடைய மகன் லயன் பிறந்தது 1853. அப்பாவுக்கு அப்போது 63 வயது. லயனுக்கு மகன் ஹாரிசன் பிறந்தது 1928. அப்போது லயனுக்கு 75 வயது. ஹாரிசன் 96 வயது வரை வாழ்ந்து 2025 மே மாதம் இறந்தார். இரண்டு தலைமுறையிலும் முதிய வயதில் பிள்ளை பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று ஆயுளில் 235 ஆண்டுகள் அடங்கிவிட்டன. நம்ப முடியாததாகத் தெரிந்தது, கணக்குப் போட்டதும் சாதாரணமாகிவிடுகிறது.

ஈமு விஷயமும் நடந்ததுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களை ஈமுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நாசம் செய்தன. அங்கே பயிர் செய்தவர்களில் பலர் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அதையே கேட்டார்கள். ஒரு மேஜர், இரண்டு லூயிஸ் துப்பாக்கிகள், பத்தாயிரம் தோட்டாக்கள் போயின. பறவைகள் சிதறி ஓடித் தப்பித்தன. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, படை திரும்ப அழைக்கப்பட்டது.

என் அனுபவத்திலிருந்து ஒரு விதி சொல்கிறேன். நம்ப முடியாததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கச்சிதமாக, கேட்டவுடன் "ஆமாம், அப்படித்தான் இருந்திருக்கும்" என்று தோன்றுவதைச் சந்தேகியுங்கள். காட்டுத்தனமான வீரன் என்றால் தலையில் கொம்பு இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் பொய்க்கு வாசல்.

மார்ச் 3

கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகம் முழுமையாக அரங்கேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் சில பாத்திரங்களுக்குக் கொம்பும் இறக்கையும் வைத்த தலைக்கவசங்கள் போட்டார். அதற்கு முன்பும் சில ஓவியங்களில் கொம்பு தலைகாட்டியதுண்டு. ஆனால் மேடையில் ஏறிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி 1943இல் நார்வேயில் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் கிடைத்தது: உருண்டையான இரும்புத் தொப்பி, கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு காப்பு. கொம்பு இல்லை.

மார்ச் 3, சற்றுப் பிறகு

விட்டுப்போனது ஒன்று. டென்மார்க்கில் வெக்ஸோ என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் 1942இல் கொம்பு வைத்த தலைக்கவசங்கள் இரண்டு உண்மையிலேயே கிடைத்தன. ஆனால் அவை வெண்கலக் காலத்தவை, ஏறத்தாழ கி.மு. 900. வைக்கிங்குகள் கடலில் இறங்குவதற்கு 1,700 ஆண்டுகள் முந்தியவை. கொம்பும் நிஜம், இடமும் சரி, காலம்தான் தவறு. கட்டுக்கதைகளில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கின்றன. உறுப்புகள் எல்லாம் உண்மை, ஒட்டியது மட்டும் யாரோ.

மார்ச் 6

மார்ச் 2 இரவு சொன்ன விதியைத் திரும்பப் பெறுகிறேன். நான்கு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வையுங்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது. அதை எழுதிய ஜெஃபர்சனும், அதற்காக வாதாடிய ஜான் ஆடம்ஸும் ஒரே நாளில் இறந்தார்கள்: 1826 ஜூலை 4. சரியாக ஐம்பதாம் ஆண்டு நிறைவு. இன்னொன்று, ஷேக்ஸ்பியரும் செர்வாண்டெஸும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்பது.

இரண்டும் ஒரே அளவு கச்சிதம். என் விதிப்படி இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் முதலாவது அப்படியே உண்மை. ஐந்து ஆண்டு கழித்து 1831இல் அதே ஜூலை 4 அன்று இன்னொரு முன்னாள் அதிபரான மன்றோவும் இறந்தார். இரண்டாவதுதான் நிற்காது. ஸ்பெயின் 1582லேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை வைத்திருந்தது. இடைவெளி பத்து நாள். இங்கிலாந்தின் ஏப்ரல் 23 அன்று ஸ்பெயினில் மே 3. அது போக, செர்வாண்டெஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அடக்கம் பதிவான நாள் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

ஆகவே அழகாக இருப்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. வினோதமாக இருப்பதால் உண்மையாகிவிடவும் செய்யாது. கதையின் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். அப்படியானால் எதைப் பார்ப்பது?

மார்ச் 9

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு போட்டியில் கேட்டேன்: "நிலாவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே மனிதப் படைப்பு எது?" ஒரு பையன் எழுந்து "எதுவுமே தெரியாது சார்" என்றான். தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குக் கொடுத்தேன். அவர்கள் "சீனப் பெருஞ்சுவர்" என்றார்கள். மதிப்பெண் போட்டேன். அவன் உட்காரவில்லை. "நிலாவுல நின்னு பார்த்தவங்க யார் சார் அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டான். நேரமாகிறது, உட்கார் என்றேன். அந்த அணி தோற்றது.

2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவே பூமியைச் சுற்றிவிட்டு இறங்கினார். சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவரே சொன்னார். அவர் இருந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். நிலா இருப்பதோ மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அந்தத் தூரத்திலிருந்து நம் கண் ஒன்றைத் தனியாகப் பிரித்தறிய வேண்டுமானால் அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும். சுவரின் அகலம் சில மீட்டர்தான். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம்தான் அவன் கேட்ட கேள்வியை நான் கேட்டேன். முதலில் சொன்னது யார்? வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயப் பழம்பொருள் ஆய்வாளர் 1754இல் எழுதிய ஒரு கடிதத்தில் இது இருக்கிறது. பிரிட்டனில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் புகழ்ந்துகொண்டே வருகிறார். இதை மிஞ்சுவது சீனச் சுவர் ஒன்றுதான், அது பூகோளத்தின்மீது பெரிதாகத் தெரியும், நிலாவிலிருந்தும் புலப்படக்கூடும் என்கிறார். 1754! மனிதன் பலூனில் ஏறுவதற்கே இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஒருவர் வியந்து எழுதிய வரி, அடுத்தடுத்த வாய்களில் பார்த்த சாட்சியாக மாறிவிட்டது.

ஆகவே என் புதிய விதி இது. "இப்படி நடந்திருக்குமா?" என்பதை விடுங்கள். "இதை முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தப் பையன் கேட்டது மூன்றாவது பகுதி. அதுதான் முக்கியமானது.

மார்ச் 10

நேற்று எழுதி முடித்துவிட்டு ஸ்டூக்லி என்ற பெயரை எங்கே பார்த்திருக்கிறேன் என்று புத்தகங்களைப் புரட்டினேன். நியூட்டனின் ஆப்பிள்!

நான் பல பேரிடம் "ஆப்பிள் கதை சுத்தக் கட்டுக்கதை" என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு. 1726 ஏப்ரல் 15 அன்று இதே ஸ்டூக்லி முதியவரான நியூட்டனோடு உணவருந்திவிட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார். இப்படி ஒரு சூழலில்தான் புவியீர்ப்பு பற்றிய எண்ணம் வந்தது, ஆப்பிள் விழுவதைப் பார்த்தேன் என்று நியூட்டனே சொன்னதாக 1752இல் எழுதிவைத்தார். நியூட்டனின் மருமகள் வழியாகக் கேட்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் எழுதினார். அந்த மருமகளின் கணவர் கான்டுவிட்டும் தனியாகக் குறித்துவைத்திருக்கிறார். தலையில் விழுந்தது என்பது மட்டும் யாரிடமும் இல்லை. அது பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஒரே மனிதர். ஆப்பிள் விஷயத்தில் நேரில் கேட்டவர், சுவர் விஷயத்தில் கற்பனை செய்தவர். "இவர் சொன்னால் சரி" என்று ஒருவரை மொத்தமாக நம்புவதும், மொத்தமாக ஒதுக்குவதும் உதவாது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இது உமக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 10, இரவு

மருமகள் என்றது உடன்பிறந்தாளின் மகளை. மகனின் மனைவி என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். நியூட்டனுக்குத் திருமணமே ஆகவில்லை. அந்தப் பெண் அவருடைய சகோதரியின் மகள். சகோதரி, அம்மாவின் இரண்டாம் மணத்தில் பிறந்தவர்.

மார்ச் 14

"ஆபிரகாம் லிங்கன் ஒரு சாமுராய்க்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்க முடியும்" என்ற துணுக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை நானே உண்மை என்று ஒரு போட்டியில் வைத்தேன். இப்போது வைக்கமாட்டேன்.

துண்டுகளை எடுத்துப் பார்க்கலாம். அலெக்சாண்டர் பெயின் படத்தைக் கம்பி வழியே அனுப்பும் கருவிக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். சரி. லிங்கன் சுடப்பட்டு இறந்தது 1865 ஏப்ரல். சரி. ஜப்பானில் சாமுராய் வகுப்பு 1870களில்தான் ஒழிக்கப்பட்டது. பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தது 1876. அதுவும் சரி. 1843 முதல் 1865 வரை 22 ஆண்டுகள் மூன்றும் ஒன்றாக இருந்தன.

ஆனால் "அனுப்பியிருக்க முடியும்" என்ற சொல் இருக்கிறதே, அதற்குக் கம்பி வேண்டும். அட்லான்டிக் கடலடியில் 1858இல் போட்ட கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது. நிலைத்து வேலை செய்த கேபிள் 1866இல், லிங்கன் இறந்த மறு ஆண்டு வந்தது. ஜப்பானுக்கு முதல் கடலடிக் கேபிள் நாகசாகியில் கரையேறியது 1871. லிங்கன் அதிபராக இருந்த நாளில் ஐரோப்பாவுக்கே கம்பி இல்லை, ஜப்பானுக்கு எங்கே? மூன்று உண்மையைச் சேர்த்து முடிந்த முடிச்சு தவறு.

பக்கத்திலேயே வேறு ஒரு வகை இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. பெரிய பிரமிடு கட்டியது ஏறத்தாழ கி.மு. 2560. மனிதன் நிலாவில் இறங்கியது 1969. அவளுக்குப் பிரமிடைவிட நிலாதான் கிட்டே. ஆக்ஸ்ஃபோர்டில் 1096லேயே பாடம் நடந்தது; மெக்சிகோவில் ஆஸ்டெக்குகள் டெனோச்டிட்லான் நகரை நிறுவியது 1325. வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் விளையாட்டுச் சீட்டு தயாரிக்கத் தொடங்கியபோது ஓவியர் வான்கோ உயிரோடு இருந்தார். இவையெல்லாம் காலத்தை மட்டும் ஒப்பிடுகின்றன. யாரும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. கழித்தல் போட்டால் போதும். எனக்குப் பிள்ளைகளிடம் சொல்லப் பிடித்தது இந்த வகைதான்.

மார்ச் 17

"பத்து இடத்தில் பார்த்தேன், பத்திலும் ஒரே மாதிரி இருந்தது, பிறகு எப்படிப் பொய்யாகும்?" இது நியாயமான கேள்வி. ஆனால் பத்து குழாயைத் திறந்தால் பத்து கிணறு ஆகிவிடாது.

1917 டிசம்பர் 28 அன்று எச்.எல். மென்கென் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் குளியல் தொட்டியின் வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதினார். 1842இல் சின்சினாட்டியில் முதல் தொட்டி, மருத்துவர்களின் எதிர்ப்பு, 1851இல் அதிபர் ஃபில்மோர் வெள்ளை மாளிகையில் ஒன்று வைத்தது என்று காது மூக்கு வைத்து எழுதியிருந்தார். போர்க்காலத்தில் படிப்பவர்களைச் சிரிக்க வைக்கக் கட்டியது, முழுக்கப் பொய். அது நூல்களுக்குள் போய்விட்டதைப் பார்த்துத் திகைத்து 1926இல் தானே ஒப்புக்கொண்டார். ஒப்புதலை அச்சிட்ட நாளிதழ்களில் ஒன்றே சில வாரம் கழித்துப் பழைய கதையை உண்மைச் செய்தியாகப் போட்டது. ஃபில்மோரின் தொட்டி இன்றும் துணுக்குப் பட்டியல்களில் வருகிறது. எத்தனை இடத்தில் வந்தாலும் கிணறு ஒன்றுதான்.

இன்னொன்று. "பிச்சோலிம் போர்" என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருந்தது. கோவாவின் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் 1640-41இல் போர் நடந்ததாம். 2007 ஜூலையில் யாரோ ஏற்றியது, தரமான கட்டுரை என்ற அடையாளமும் பெற்று, 2012 டிசம்பர் வரை நின்றது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை, மேற்கோளாகக் காட்டிய நூல்களும் இல்லை. இத்தனைக்கும் ஒரு கழித்தல் போதும். சிவாஜி பிறந்தது 1630, முடிசூடியது 1674. 1640இல் அவர் பத்து வயதுச் சிறுவன். அப்போது எங்கே இருந்தது மராட்டியப் பேரரசு? ஐந்தாண்டுகளாக அதைப் படித்தவர்களில் யாராவது இதை யோசித்திருந்தால் அன்றே விழுந்திருக்கும்.

மார்ச் 17, பிறகு

வேண்டுமென்றே பொறியாக வைத்த பொய்யும் உண்டு. ஃப்ரெட் வொர்த் என்பவர் தன் துணுக்குக் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று சும்மா எழுதிவைத்தார். யாராவது திருடினால் தெரியட்டும் என்று. ட்ரிவியல் பர்சூட் விளையாட்டில் அதே பெயர் வந்தது. 1984இல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம். எனக்கு இதில் வழக்கைவிட முக்கியமானது வேறு. தொகுப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்பது கையும் களவுமாகத் தெரிந்த இடம் இது.

மார்ச் 20

துல்லியமான எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் தொண்ணூறு லட்சம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். இதன் ஊற்று 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஃபோய்க்ட். அவர் தன் ஊர் ஆவணங்களில் கண்ட சில வழக்குகளை எடுத்து, ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கி, 94,42,994 என்று ஒற்றை இலக்கம் வரை கொண்டுவந்தார். ஆவணங்களை எண்ணிய இன்றைய ஆய்வாளர்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை என்கிறார்கள். அதுவே பெருங்கொடுமை, ஊதிப் பெருக்க வேண்டிய தேவையே இல்லை.

மிகக் குறுகிய போர் என்று சொல்லப்படும், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் போரை எடுங்கள். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனோடு நடந்தது. 38 நிமிடம் என்றும் 45 நிமிடம் என்றும் சொல்வார்கள். எப்போது முடிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இப்படி எண் கொஞ்சம் ஆடினால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

மார்ச் 23

பாதி உண்மைகளை என்ன செய்வது? இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான இடம்.

1518 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெண் தெருவில் ஆடத் தொடங்கினாள், நிறுத்தவில்லை. நாளாக ஆக மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஆடித் தீர்த்தால் குணமாகும் என்று நகர மன்றம் மண்டபங்களைத் திறந்துவிட்டு வாத்தியக்காரர்களையும் அமர்த்தியது. நிலைமை மோசமாகவே, பிறகு ஆட்டத்துக்கே தடை போட்டது. இது வெறும் வாய்க்கதை என்று முதலில் நினைத்தேன். ஆனால் நகர மன்றத்தின் உத்தரவுகளே இருக்கின்றன. கதை சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதாத, சலிப்பூட்டும் நிர்வாகக் காகிதம். அந்தக் காகிதத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் "நாளுக்குப் பதினைந்து பேர் செத்தார்கள்" என்று கூடவே வருகிறதே, அது அந்த நகரத்தின் அக்காலப் பதிவுகளில் இல்லை. ஆக, ஆட்டம் உண்மை, பிண எண்ணிக்கை பின்னால் ஏறியது. உண்மையா பொய்யா என்று ஒரே சொல்லில் பதில் கேட்கும் போட்டிகளில் இது மாட்டிக்கொள்ளும். நான் இப்போது துணுக்கை வெட்டிவிடுகிறேன். நிற்கும் பகுதியை மட்டும் கேள்வியாக்குகிறேன்.

மார்ச் 27

மறுப்புகளுக்கும் இதே கேள்வியை வைக்க வேண்டும். ஆப்பிள் விஷயத்தில் நான் ஏமாந்தது ஒரு மறுப்பை நம்பித்தான். "உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பொய்" என்று தொடங்கும் பட்டியலுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. படிப்பவரைச் சட்டென்று விவரமானவராக்கிவிடுகிறது.

நல்ல மறுப்பு என்றால் பொய் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெப்போலியன் குள்ளன் என்பார்கள். பிரெஞ்சு அளவில் அவர் உயரம் 5 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆனால் அன்றைய பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடி 30.48. பிரெஞ்சுக் கணக்கில் அது ஏறத்தாழ 168 சென்டிமீட்டர், அக்காலத்து ஆணுக்கு நடுத்தர உயரம். அதே எண்ணை ஆங்கில அடியாகப் படித்தால் 157 ஆகிவிடும். போதாததற்கு கில்ரே போன்ற ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர்கள் அவரைப் பொடியனாகவே வரைந்து தள்ளினார்கள். பிறந்த இடம், வளர்ந்த இடம் இரண்டும் தெரிகின்றன. இந்த மறுப்பை நம்பலாம்.

ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றார் என்பதும் அப்படித்தான். 1895இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை என்பது உண்மை. அப்போது வயது 16, வழக்கமான வயதைவிட இரண்டு குறைவு. கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகவே எழுதினார். மற்ற பாடங்களில் போனது. "தேர்வில் தோற்றார்" என்ற விதை நிஜம், "கணக்கில்" என்ற சொல்தான் சேர்ந்தது. மக்குப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல இந்தக் கதையை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த ஆறுதலுக்கு வேறு உண்மையான கதைகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

மார்ச் 28

நேற்று "மக்குப் பிள்ளை" என்று எழுதியிருக்கக் கூடாது. கணக்கு வராமல் திணறும் பிள்ளை என்று படியுங்கள்.

ஏப்ரல் 1

"நிகழ்ச்சி நடந்து இருநூறு ஆண்டு கழித்து எழுதியதெல்லாம் பொய்தானே?" இல்லை. என் மார்ச் 9 விதியை இவ்வளவு கடுமையாகப் பிடிக்கக் கூடாது. இதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

ஐஸ்லாந்தின் சாகாக் கதைகள் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. கி.பி. 1000 வாக்கில் தங்கள் முன்னோர் மேற்கே வின்லாந்து என்ற நிலத்தை அடைந்ததாகச் சொல்கின்றன. இருநூறு ஆண்டு இடைவெளி, கூடவே நம்ப முடியாத சங்கதிகளும் உண்டு. பலர் ஒதுக்கினார்கள். 1960இல் ஹெல்கே இங்ஸ்டாடும் ஆன் ஸ்டைன் இங்ஸ்டாடும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அந்தக் குடியிருப்பைக் கண்டார்கள். 2021இல் அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் வளையங்களை ஆராய்ந்து, அந்த மரம் வெட்டப்பட்ட ஆண்டு சரியாக 1021 என்றே சொல்லிவிட்டார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது ஃபிராங்க்ளின் கதை. 1845இல் ஜான் ஃபிராங்க்ளின் எரபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக்கில் வழி தேடிப் போனார். 129 பேர், ஒருவரும் திரும்பவில்லை. 1854இல் ஜான் ரே என்பவர் ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து வந்து சொன்னார்: பட்டினியில் செத்தார்கள், கடைசியில் செத்தவர்களின் உடலைத் தின்றிருக்கிறார்கள். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அந்த மக்களின் வாய்மொழியை நம்பவே முடியாது என்று எழுதினார். 1990களில் எலும்புகளை ஆராய்ந்தபோது கத்தி வெட்டுகள் தெரிந்தன. எரபஸ் 2014இல் கிடைத்தது, ஒரு கப்பல் மூழ்கியதாக இனுயிட் வாய்மொழி காட்டிய பகுதியில். டெரர் 2016இல் கிடைத்தது, அதற்கும் ஓர் இனுயிட் மனிதர் சொன்ன தகவல்தான் வழிகாட்டியது. நூற்று அறுபது ஆண்டு வாய்வழியாக வந்த செய்தி நின்றது, அச்சில் வந்த மறுப்பு விழுந்தது.

எழுத்தில் இருக்கிறதா, எவ்வளவு சீக்கிரம் எழுதினார்கள் என்பதை மட்டும் பார்த்திருந்தால் நான் டிக்கன்ஸ் பக்கம் நின்றிருப்பேன். அதனால்தான் மூன்றாவது கேள்வியை விடாதீர்கள் என்கிறேன். இனுயிட் மக்கள் அங்கே இருந்தார்கள், உடல்களைக் கண்ணால் பார்த்தார்கள். டிக்கன்ஸ் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். தேடிப் பார்க்காமல் மோப்பம் பிடிக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். மார்ச் 2 அன்று முடியும் என்பதுபோல எழுதிவிட்டேன். எங்கே தேட வேண்டும் என்பதை மட்டும் பழகிக்கொள்ளலாம். என் வினாத் தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இப்போது முதலில் சொன்னவர் பெயரும் ஆண்டும் எழுதுகிறேன். அந்த இடம் காலியாக இருந்தால் கேள்வியை எடுத்துவிடுகிறேன். பழைய தாள்களில் பாதி போய்விட்டது.

நீங்களே ஒன்று முயன்று பாருங்கள்: கி.மு. 146இல் ரோமானியர் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை இடித்து, இனி பயிரே முளைக்கக் கூடாது என்று மண்ணில் உப்புத் தூவினார்கள்.

ஏப்ரல் 8

சரியாகப் பிடித்தீர்கள். நகரம் எரிந்தபோது கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அங்கேயே இருந்தார், எஞ்சியுள்ள அவருடைய எழுத்தில் உப்பு இல்லை. அழிவை விரிவாக எழுதிய அப்பியனிடமும் இல்லை. பண்டைய எழுத்தாளர் எவரும் சொல்லாததை நவீன காலத்து நூல்கள் சொல்கின்றன என்று நீங்களே கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். பைபிளில் நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தைப் பாருங்கள். அபிமெலேக்கு சீகேம் நகரைப் பிடித்து இடித்து, அதில் உப்பு விதைத்ததாக இருக்கிறது.